உரோமாபுரியின் நீரும் நிருவாகமும்

கி.பி. 97 ஆம் ஆண்டிலே பேரரசர் நேர்வா, உரோமாபுரியின் நீர் வழங்கற் பொறுப்பைச் செக்ஸ்தஸ் யூலியஸ் புரொந்தீனஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். புரொந்தீனஸ் அப்பொழுது அறுபது வயதை அணுகியவர். கொன்சல் பதவி வகித்தவர். பிரித்தானியாவில் ஆளுநராயிருந்து, இன்றைய வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த சிலூரர் என்னும் வலிய குலத்தாரை அடக்கியவர். போர்த் தந்திரங்கள் பற்றி நூல் செய்தவர். இத்தகைய ஒருவர்க்குக் குழாய்களையும் தொட்டிகளையும் கண்காணிக்கும் வேலை ஏற்றதன்று என எண்ணத் தோன்றும். உரோமர் அவ்வாறு எண்ணவில்லை. நீர்க் கண்காணிப்பாளர் பதவி, ஒகஸ்தஸ் காலந்தொட்டு நாட்டின் முதன்மையான பிரபுக்களே வகித்து வந்த பதவியாகும். அப்பதவியின் சீர்கேட்டுக்கும் ஒருவகையில் அதுவே காரணமாயிற்று என்பது பின்னர்ப் புலப்படும்.

பதவியேற்றவுடன் புரொந்தீனஸ் செய்த செயல் வழக்கத்துக்கு மாறானது. தாம் ஏற்ற தொழிலைத் தாமே கற்றுக்கொள்ளும் பொருட்டு அவர் ஒரு கைநூல் எழுதத் தொடங்கினார். பிறர்க்கு அறிவுறுத்த எழுந்த நூல்கள் பல; தம் அறியாமையைப் போக்குதற்கு ஓர் அதிகாரி தாமே எழுதிக்கொண்ட நூல்கள் மிகச் சில. பதவி வகிப்போன் தனக்குக் கீழுள்ளோர் சொல்வதைக் கேட்டே கருமம் ஆற்றுவதினும் இழிவானது வேறில்லை என்னும் கருத்தை அவர் நூலின் தொடக்கத்திலேயே வைத்துள்ளார். அந்நூலின் பழைய பிரதியொன்றை 1429 ஆம் ஆண்டில் மொந்தே கசீனோ மடத்தில் பொஜ்ஜியோ என்னும் இத்தாலிய அறிஞர் கண்டெடுத்தார். பொது வேலைப் பகுதியொன்றில் ஊழல் எவ்வழியாக நுழைந்தது, எவ்வளவு நீரை உண்டது என்பவற்றை அப்பகுதியின் தலைவரே அளந்தும் எண்ணியும் எழுதிவைத்த பழஞ்சான்று இது. இதனோடு ஒப்பிடத்தக்க பிறிதொன்று பண்டைய உலகிலிருந்து எமக்குக் கிடைத்திலது எனின் அது மிகையாகாது.

அக்காலத்தில் உரோமாபுரிக்கு ஒன்பது கால்வாய்கள் நீர் கொணர்ந்தன. அவற்றுள் முதலாவதாகிய அப்பியா கி.மு. 312 இல் அமைக்கப்பட்டது. கி.மு. 144 இல் தொடங்கப்பட்ட மார்சியா தண்மையும் தெளிவும் உடைய நீருக்குப் பேர் பெற்றது. அதன் நீளம் ஏறக்குறைய 57 மைல். வில்வளைவுகளின்மேற் செல்லும் கால்வாயையே படங்களிற் காண்போர், இவையெல்லாம் ஆகாயத்தில் ஓடியவை என மயங்குவர். உண்மையில் மார்சியாவின் பெரும்பகுதி நிலத்தின் கீழேயே சென்றது. நகரை அண்மிய சில மைல்களிலேதான் அது வளைவுகளின்மேல் ஏறியது. இறுதியாக வந்த கிளோடியா, புதிய அனியோ என்னும் இரண்டும் கி.பி. 38 இல் தொடங்கப்பட்டு 52 இல் நிறைவெய்தின. எகிப்தியரின் பிரமிட்டுகளையும் கிரேக்கரின் புகழ்பெற்ற கட்டடங்களையும் பயனற்றவை என ஒதுக்கி, இக்கால்வாய்களை அவற்றின்மேல் வைத்துப் பேசுகின்றார் புரொந்தீனஸ். கிரேக்கர் திறத்தில் அது நீதியான தீர்ப்பன்று. நீர்க் கண்காணிப்பாளர் ஒருவரின் பெருமிதமாக அதனைக் கொள்ளலாம்.

குடியரசுக் காலத்தில் இக்கால்வாய்களைப் பேணும் வேலை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைகாரர் நகரினுள்ளும் புறத்தும் குறித்த தொகையினரான அடிமைத் தொழிலாளரை வைத்திருத்தல் வேண்டும். அவர்தம் பெயர்கள் பொதுப் பதிவேடுகளில் எழுதப்படுதல் வேண்டும். வேலையைப் பார்த்து ஏற்பது சென்சர், ஈடைல் முதலிய ஆண்டதிகாரிகளின் கடமை. தனியார்க்கு அக்காலத்திற் கிடைத்தது தொட்டியில் நிரம்பி வழியும் நீர் மாத்திரமே; அதுவும் குளிப்பிடங்களுக்கும் துணி வெளுப்போர்க்கும் விலைக்கே கொடுக்கப்பட்டது. நீர் பொதுமக்கள் உடைமை என்னும் கொள்கை அன்று வலுவாயிருந்தது.

இந்நிலையை மாற்றியவர் மார்க்கஸ் அக்கிரிப்பா. கொன்சலாயிருந்த பின்னர் அதனிற் குறைந்த ஈடைல் பதவியைக் கி.மு. 33 இல் தாமே விரும்பி ஏற்று, பாழடைந்து கிடந்த மூன்று பழைய கால்வாய்களைச் செப்பனிட்டு, யூலியா என்னும் புதியதொன்றையும் அமைத்தார். ஓராண்டினுள்ளே 700 தொட்டிகளையும் 500 நீரூற்றுக்களையும் அவர் செய்வித்தார் எனப் பிளினி என்னும் முதியவர் எழுதியுள்ளார். குத்தகைகாரரை நம்பியிராது, தம் சொந்த அடிமைகளைக் கொண்டே அக்கிரிப்பா கால்வாய்களைப் பேணினார். கி.மு. 12 இல் அவர் இறந்தபோது அவ்வடிமைகள் 240 பேரும் ஒகஸ்தசைச் சேர்ந்தனர். ஒகஸ்தஸ் அவர்களை அரசுக்கு உரிமையாக்கினார். அடுத்த ஆண்டிலே செனற் சபை பல தீர்மானங்களை நிறைவேற்றி, கண்காணிப்பாளர் பதவியை நிரந்தரமாக நிறுவியது. கால்வாயின் இருமருங்கும் 15 அடி அகலத்துக்கு மரமோ கட்டடமோ இருத்தலாகாது என விதித்தது. கி.மு. 9 இல் எழுந்த சட்டமொன்று, கால்வாயை வேண்டுமென்றே துளைப்போர்க்கு 1,00,000 செஸ்தேர்ஸ் தண்டம் விதித்தது. ஆகவே, புரொந்தீனஸ் பதவிக்கு வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே வேண்டிய சட்டங்கள் யாவும் இருந்தன. குறை சட்டத்தில் இருந்திலது.

பின்னர் கிளோடியஸ் தமது புதிய கால்வாய்களுக்கென 460 பேரைக் கொண்ட வேறொரு தொழிலாளர் கூட்டத்தை அமைத்தார். அரசுக் கூட்டத்தாருக்குச் செலவுப்பணம் பொதுத் திறைசேரியிலிருந்து வந்தது. பேரரசர் கூட்டத்தாருக்கு அரண்மனைப் பண்டாரத்திலிருந்து வந்தது. செனற் சபையைச் சேர்ந்த கண்காணிப்பாளர் ஒருபுறம் இருக்க, அரண்மனையைச் சேர்ந்த விடுதலை பெற்ற அடிமையொருவர் காரியகர்த்தராக மறுபுறம் அமர்ந்தார். பிரபு பெயரைத் தந்தார். காரியகர்த்தர் கருமத்தை நடத்தினார். கண்காணிப்பாளருக்கென விதிக்கப்பட்ட பரிவாரமோ சிறிதன்று: பொறியியலாளர், எழுத்தர், ஏவலர், கட்டியகாரர் எனப் பலர். கண்காணிப்பாளர் சோம்பியிருந்தமையால் இவர்களும் வேலை செய்வதை விட்டனர். ஆயினும் இவர்களுக்குரிய படி மாத்திரம் திறைசேரியிலிருந்து தவறாது வந்துகொண்டிருந்ததாகப் புரொந்தீனஸ் குறித்துள்ளார். அவருக்கு முன்னிருந்தவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பதவியில் இருந்தவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, நீர் களவுபோன வகையைக் காண்போம். தனியார் ஒருவர் தம் வீட்டுக்கு நீர் பெறவேண்டின் பேரரசருக்கு விண்ணப்பித்தல் வேண்டும். பேரரசரின் ஓலை கண்காணிப்பாளரிடம் வரும். அவர் காரியகர்த்தருக்கு ஆணையிடுவார். அளவு பொறித்த வெண்கலக் குழலொன்று தொட்டியின் சுவரிற் பதிக்கப்படும். அதிலிருந்து ஈயக் குழாய் வீட்டுக்குச் செல்லும். ஈயம் எளிதில் விரிக்கவும் நெரிக்கவும் கூடியது, வெண்கலம் அவ்வாறன்று. ஆதலின் அளவைக் காக்கும் பொறுப்பு வெண்கலக் குழலுக்கு விடப்பட்டது. வெண்கலக் குழலையடுத்து 50 அடி தூரத்துக்கு ஈயக் குழாயும் அதே விட்டமுடையதாய் இருத்தல் வேண்டும் எனவும் விதி இருந்தது. ஏட்டளவில் இதனிலும் செவ்விய ஏற்பாட்டைக் கருதுதல் அரிது.

நடந்ததோ வேறு. சில இடங்களில் அனுமதித்த அளவினும் பெரிய குழல் பதிக்கப்பட்டிருந்தது. சில இடங்களிற் குழலில் முத்திரையே இல்லை. வேறு சில இடங்களில் முத்திரையும் அளவும் சரியாகவே இருந்தன. ஆனால் குழலின் பின்னே உடனடியாகப் பெருங்குழாய் இணைக்கப்பட்டிருந்தமையால் நீர் விரைந்து இழுக்கப்பட்டது. தாழ்ந்த இடத்திற் பதித்த குழல் மிகுதியாக உண்ண, உயர்ந்த இடத்தில் இருந்தது வறண்டது. உரிமை பெற்றவர் இறந்தால் அவ்வுரிமை மைந்தரையோ வீட்டை வாங்கினவரையோ சேராது; புதிதாக விண்ணப்பித்தல் வேண்டும். புதியவருக்குத் தொட்டியில் புதிய துளை இடப்படும். பழைய துளையை நீராட்கள் அடைப்பதில்லை; அதன் வழியே வரும் நீரை விற்றுத் தாம் பயனடைந்தனர். ஒருவர் கண்மூடிய அன்றே அவர் வீட்டு நீரைத் துண்டித்து வேறொருவருக்கு விற்ற காலமும் இருந்தது. முப்பது நாள் தவணை கொடுக்கும் ஏற்பாடு பின்னரே வந்தது.

இவற்றினும் துணிகரமானது தெருக்களின் கீழே நடந்தது. நகரெங்கணும் கல்தளத்தின் அடியிற் கள்ளக் குழாய்கள் ஓடின. பெருங்குழாயை ஆங்காங்கே துளைத்து வழியிலுள்ள கடைகளுக்கும் தொழிலிடங்களுக்கும் நீர் கொடுப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். துளையிடுவோன் என்னும் பொருள்படும் பட்டப் பெயரும் அவனுக்கு வழங்கியது. களவுக்கும் ஓர் உத்தியோகப் பெயர் தோன்றிவிட்டதெனின் அது எத்துணைக் காலம் பழகியிருத்தல் வேண்டும்! எவ்வளவு நீர் இவ்வாறு போயிற்று என்பதை, தோண்டி எடுக்கப்பட்ட ஈயத்தின் பெருந்தொகையைக் கொண்டே மதிக்கலாம் என்கின்றார் புரொந்தீனஸ்.

குழாய்களின் அளவிலும் ஒரு சூழ்ச்சி இருந்தது. ஒன்றேகால் விரற்கடை விட்டமுள்ள குழாயே அடிப்படை அலகு; அதற்குக் குயினாரியா என்று பெயர். இருபதாம் இலக்கக் குழாய் 16 குயினாரியாவுக்குச் சிறிது மேற்பட்ட நீரைக் கொடுத்தல் வேண்டும். நீராட்கள் அதன் விட்டத்தில் அரை விரற்கடையைக் குறைத்து 13 குயினாரியாவையே கொடுத்தனர். நூறாம் இலக்கக் குழாயையும் நூற்றிருபதாம் இலக்கக் குழாயையுமோ அவர்கள் குறைக்கவில்லை, கூட்டினர். காரணம் வெளிப்படை: இருபதாம் இலக்கக் குழாயால் அவர்கள் பிறருக்கு அளந்தார்கள், மற்றைய இரண்டாலும் தாம் வாங்கினார்கள். கொள்ளும்போது பெரிய படி, கொடுக்கும்போது சிறிய படி என்னும் கதை எந்நாட்டுச் சந்தைக்கும் பொதுவானதே.

பழைய இடாப்புக்களைப் புரொந்தீனஸ் பார்வையிட்டபோது, கால்வாய்களிற் பெறப்பட்ட நீர் 12,755 குயினாரியா எனவும், விநியோகிக்கப்பட்டது 14,018 குயினாரியா எனவும் எழுதப்பட்டிருக்கக் கண்டார். வரவினும் செலவு 1,263 கூடுதல். இல்லாத நீரை எவ்வாறு வழங்கினர்? இலிகிதர் எவரும் இக்கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை. புரொந்தீனஸ் கால்வாய்களின் தலைவாயில்களுக்குத் தாமே சென்று அளந்தார். மார்சியாவில் ஏட்டின்படி 2,162 குயினாரியா, அளவின்படி 4,690. ஒன்பதையும் கூட்டியபோது ஏட்டிலுள்ளதைவிடப் பதினாயிரம் குயினாரியா வரையில் மிகுதியாக நீர் வந்துகொண்டிருந்தது தெரியவந்தது. ஏடு குறைத்தெழுதிய இடமே களவு ஒளிந்த இடமாயிற்று. புதிய கால்வாய் வெட்டுவதற்கு முன், உள்ள கால்வாயின் நீர் எங்கே போகின்றது என்று பார்த்ததனால், நகரம் பெருஞ் செலவின்றியே மிகுந்த நீரைப் பெறலாயிற்று.

எனினும் இவ்வெண்களை அப்படியே ஏற்றல் கூடாது. புரொந்தீனஸ் கால்வாயின் குறுக்களவையே கணக்கிட்டார். நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிற் சேர்க்கவில்லை. வேகம் மிகும்போது நீரும் மிகும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் அதனை அளக்கும் கருவியோ முறையோ அவரிடம் இல்லை. 1899 இல் இந்நூலை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட அமெரிக்கப் பொறியியலாளர் கிளெமன்ஸ் ஹேர்ஷெல் இக்குறையை நன்கு எடுத்துக்காட்டினார். குழாயில் ஓடும் நீரை அளக்கும் வெந்தூரிமானியை ஆக்கியவரே அவராதலின் அவர் சொல்லுக்கு வலிமை உண்டு. ஆகவே அப்பதினாயிரத்தில் எவ்வளவு களவு, எவ்வளவு கசிவு, எவ்வளவு கணக்குப் பிழை என்று இன்று பிரித்தறிதல் இயலாது. ஒருசார் நீராட்கள் தாம் செய்யாத குற்றத்துக்கும் பழி ஏற்றிருத்தல் கூடும். அவர்கள் பக்கத்து வழக்கைச் சொல்லும் ஏடு ஒன்றும் எமக்கு எஞ்சவில்லை. தோண்டி எடுத்த ஈயக் குழாய்களும் அடைபடாத பழந்துளைகளுமோ கணக்குப் பிழையாகா.

தொழிலாளர் திறத்தில் அவர் கண்டது மற்றொரு வகையான இழப்பு. இரு கூட்டத்திலும் சேர்ந்து 700 பேர் இருந்தனர்: கங்காணிகள், தொட்டி காவலர், சுற்றிப் பார்ப்போர், கல் பதிப்போர், சாந்து பூசுவோர் என. இவர்களுட் சிலர் நகரின் புறத்தே சிறு பழுதுகளை உடனுக்குடன் திருத்துதற்கு நிறுத்தப்பட்டிருந்தனர். நகரினுள் இருந்தோர், தீ முதலிய இடர் நேர்ந்தால் பல வட்டாரங்களின் நீரை ஒரு வட்டாரத்துக்குத் திருப்பிவிடுதற்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஆனால் செல்வாக்குடையோர்க்குத் தயவு காட்டியும், கங்காணிகளின் கவலையீனத்தாலும் இவர்கள் தனியார் வீடுகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்யப் போயினர். அரசின் கூலி, பிரபுவின் சுவர்! இதனை நிறுத்துதற்குப் புரொந்தீனஸ் புதிய சட்டம் எதனையும் வேண்டவில்லை. ஒவ்வொரு கூட்டத்தினரும் மறுநாட் செய்யவேண்டிய வேலையை முதல்நாளே எழுதுவித்தார். அன்றன்று செய்து முடித்ததை நாட்குறிப்பிற் பதிவித்தார். இவ்வளவே. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போர்க்கு அன்று ஆட்கள் எங்கே போயினர் என்பது மறையாது.

அதுபோலவே, கால்வாய்களின் படங்களையும் வரைவித்தார். பள்ளத்தாக்கு எங்கே, ஆற்றைக் கடக்குமிடம் எங்கே, மலைச்சரிவில் ஓயாது கவனிக்கவேண்டிய பகுதி எது என்பன அப்படங்களிற் குறிக்கப்பட்டன. பழுதுச் செய்தி வரும்போது, அவ்விடத்திலேயே நிற்பவர்போல இருந்து முடிவு செய்தற்கு அவை உதவின. இதன் பயன் சுருக்கமாகத் தோன்றினும் ஆழமானது. முன்னெல்லாம் இடம் அறிந்தவன் நீராள் ஒருவனே; கண்காணிப்பாளர் அவன் சொல்லை நம்புதலன்றி வேறு வழி அறியார். படம் வந்தபின் அறிவு மேசைக்கு வந்தது. ஓலைகளும் முத்திரைகளும் பல இருந்தும் களவைத் தடுக்காத அலுவலகத்தை, ஒரு படமும் ஒரு நாட்குறிப்பும் திருத்தத் தொடங்கின.

நீரைப் பகிர்ந்த முறையிலும் மாற்றம் வந்தது. முன்னர்க் கலங்கல் நீரும் தெளிந்த நீரும் கண்டபடி கலக்கப்பட்டன. மார்சியாவின் சிறந்த நீர் துணி வெளுப்போரிடமும் அதனினும் தாழ்ந்த தொழிலிடங்களிலும் வீணாயிற்று. கால்வாய்கள் பிரிக்கப்பட்டு மார்சியா குடிப்பதற்கென ஒதுக்கப்பட்டது. பொதுத் தொட்டிகள் பலவற்றுக்கு வெவ்வேறு கால்வாய்களிலிருந்து இரண்டு குழாய்கள் கொடுக்கப்பட்டன; ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று ஓடும். நீர் உரிமைகளால் வரும் 2,50,000 செஸ்தேர்ஸ் வரையிலான ஆண்டு வருமானம் டொமீஷியன் காலத்தில் அரசரின் சொந்தப் பெட்டியைச் சேர்ந்திருந்தது. நேர்வா அதனை மக்களுக்கு மீட்டளித்தார். டொமீஷியனைக் குறைகூறுதல் நேர்வாவின் கீழிருந்தோர்க்கு எளிதாயும் இலாபமாயும் இருந்ததென்பதையும் ஈண்டுக் கருதுக.

ஆயின் இந்நீர் யாருக்குச் சென்றது? இடாப்பின்படி விநியோகிக்கப்பட்ட 14,018 குயினாரியாவுள் 4,063 நகரெல்லையை அடையுமுன்னரே பேரரசர் பெயராலும் தனியார் பெயராலும் எடுக்கப்பட்டது. நகரினுள் வந்த 9,955 இலும் தனியார் பங்கு 3,847. வீட்டுக்குக் குழாய் இல்லாத பெருந்திரளான மக்கள் குடம் கொண்டுவந்து மொள்ளும் பொதுத் தொட்டிகள் 591. அவை அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது 1,335 குயினாரியா. பத்தில் ஒரு பங்கும் அன்று. வழிந்த நீரை மாத்திரம் தனியார்க்கு விற்ற குடியரசுக்கால முறையிலிருந்து உரோமாபுரி எவ்வளவு தூரம் விலகிவிட்டதென்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. புரொந்தீனஸ் களவைத் தடுத்தார். உரிமையோடு எடுத்தவர்களின் பங்கை அவர் தொடவில்லை. அது அவர் அதிகாரத்துள் அடங்கியதுமன்று.

குற்றஞ் செய்தோர் திறத்தில் அவர் நடந்துகொண்ட முறையை வரலாற்றாசிரியர் இருவகையாக நோக்கலாம். சட்டத்தின் தண்டத்துக்கு உரியோர் பலர் இருந்தனர் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் நெடுநாட் பழக்கத்தால் வழிதவறியோரைப் பரிவோடு திருத்துதலே தகும் எனக் கருதி, தம்மால் இயன்றவரை அவர் பெயர்கள் வெளிவராதிருக்க முயன்றதாக நூலின் இறுதியிலே கூறுகின்றார். எச்சரிக்கை பெற்றபின் பேரரசரின் மன்னிப்பை நாடினோர் அதனைத் தம்மாலேயே பெற்றனர் என்றும் எழுதியுள்ளார். பழிவாங்குதலில் இறங்கியிருப்பின் வேலை நின்றிருக்கும், தோண்டிய தெருக்கள் மூடப்பட்டிரா என்பது ஒரு நோக்கு. விற்றவர்கள் அடிமைகள், வாங்கியவர்கள் கனவான்கள், ஆகையால் பெயர் மறைத்ததனாற் பயனடைந்தோர் யார் என்பது மற்றொரு நோக்கு. நீராட்களின் சூழ்ச்சிகளைத் துளை துளையாக விரித்துரைக்கும் அந்நூலில், களவு நீரை வாங்கி நந்தவனம் வளர்த்தவருள் ஒருவர் பெயரேனும் இல்லை.